காக்கிப் புடவையா, காக்கி பேண்ட்டா? முதல் பெண் போலீஸ்காரங்க என்ன போட்டிருந்தாங்க

தேவகோட்டைப் பக்கத்துலேர்ந்து எஸ்.ஐ. எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருக்கிற ஒரு பொண்ணு கேட்டிருந்த கேள்வி இது. "அண்ணே, ஆரம்பத்துல போலீஸ்ல சேந்த பொம்பளைங்க காக்கிப் புடவைதான் கட்டுனாங்கன்னு எங்க அப்பத்தா அடிச்சு சொல்லுது, கூடப் படிக்கிறவ மொதல்லேர்ந்தே பேண்ட் ஷர்ட்டுதான்னு சொல்றா, எது சரி? உலகத்துல யாரு முதல்ல யூனிஃபார்ம் போட்டது? புடவைய எதுக்கு மாத்துனாங்க?"

ரெண்டு பேரு சொல்றதும் சரிதான் ஆத்தா. ஊரும் வேற, பதவியும் வேற, அதான் குழப்பம். எனக்கு இது கொஞ்சம் தெரியும், ஏன்னா காரைக்குடில யூனிஃபார்ம் தைக்கிறதுதான் எங்க குடும்பத்துத் தொழில், அப்பா காலத்துலேர்ந்து காக்கித் துணிதான் எங்களுக்குச் சோறு போடுது. வர்ற போலீஸ்காரங்ககிட்ட பேச்சுக் குடுத்துப் பேச்சுக் குடுத்து, அப்புறம் படிக்கிற கிறுக்கும் சேந்துக்கிட்டதால இந்த விஷயத்த விடாம தேடித்தேடிப் படிச்சிருக்கேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன், இந்தக் கதைல எந்த ஊர எடுத்தாலும் நான் மொதல்ல பாக்குறது பாக்கெட் இருக்கா, பெல்ட் இருக்கா, லத்தி மாட்ட இடம் இருக்காங்கிறதத்தான். அந்தப் பொம்பளைக்கு எவ்வளவு அதிகாரம் குடுக்க மனசு வந்துச்சோ அவ்வளவுதான் துணில இருக்கும், அதுக்கு மேல ஒரு இஞ்ச் இருக்காது.

வெளிநாட்டுல 1903ல ஜெர்மனில ஸ்டுட்கார்ட் ஊர்ல ஹென்ரியெட்டே ஆரெண்ட்னு ஒரு நர்ஸம்மாவ போலீஸ் உதவியாளரா எடுத்தாங்க. 1908ல அமெரிக்கால போர்ட்லண்ட்ல லோலா பால்ட்வின். இவங்கள்லாம் பிடிபட்ட பொம்பளைங்க, பசங்க இவங்களப் பாத்துக்கிறதுக்குத்தான், லோலா அம்மாலாம் சாதா டிரெஸ்லயே வேலை பாத்தவங்க. யூனிஃபார்ம் கதை சூடு பிடிக்கிறது 1910 செப்டம்பர்ல, லாஸ் ஏஞ்சலீஸ்ல. ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ்னு ஒரு அம்மா, சர்ச்ல பிரசங்கம் பண்ணிட்டு சமூக சேவை செஞ்சிட்டிருந்தவங்க, ஊர்ப் பெரியவங்க நூறு பேருகிட்ட கையெழுத்து வாங்கி மனு குடுத்து போலீஸ்ல சேந்தாங்க. சேத்துக்கிட்டாங்க சரி, போடறதுக்கு டிரெஸ் எங்க? டிப்பார்ட்மெண்ட்ல பொம்பளைக்குன்னு ஒரு டிசைனே கிடையாது. அந்த அம்மா தானே உக்காந்து தச்சுக்கிட்டாங்க, தரை வரைக்கும் வர்ற நீளப் பாவாடை, மேல ஒரு ஜாக்கெட். கையில குடுத்தது ஒரு டெலிபோன் பெட்டி சாவி, ஒரு ரூல் புக்கு, ஒரு முதலுதவி புக்கு. துப்பாக்கியும் கிடையாது, தடியும் கிடையாது.

இதுல ஒரு கூத்து நடந்துச்சு. போலீஸ்காரங்களுக்கு டிராம்ல டிக்கெட் வேண்டாம், பேட்ஜ காட்டுனா போதும். இந்த அம்மா பேட்ஜ காட்டுனா கண்டக்டர் "ஏம்மா, புருஷன் பேட்ஜ எடுத்துட்டு வந்து ஓசில போறியா"ன்னு கேட்டுட்டாரு. அதுக்கப்புறம்தான் பெண் போலீஸ், நம்பர் 1 அப்படின்னு தனியா ஒரு பேட்ஜே அடிச்சுக் குடுத்தாங்க. நான் கடைல வர்றவங்ககிட்ட அடிக்கடி சொல்ற கதை இது. யூனிஃபார்ம் எதுக்குன்னு யாராவது கேட்டா இந்த ஒண்ணு போதும், முன்னால நிக்கிறது போலீஸுன்னு டிராம் கண்டக்டருக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

இங்கிலாந்துல முதல் உலகப் போர் ஆரம்பிச்ச 1914லயே மார்கரெட் டேமர் டாசன், நினா பாயில்னு ரெண்டு பேரு சேந்து பெண் போலீஸ் தொண்டர் படை ஒண்ண ஆரம்பிச்சாங்க, கருநீலத்துல யூனிஃபார்ம்லாம் போட்டு ரோந்து போனாங்க, ஆனா சட்டப்படி அவங்களுக்கு ஒருத்தனையும் பிடிக்க முடியாது. 1915ல கிராந்தம்ங்கிற ஊர்லதான் ஈடித் ஸ்மித் அப்படிங்கிறவங்களுக்கு ஆளப் பிடிச்சு உள்ள வைக்கிற அதிகாரமே வந்துச்சு. நாலு பிள்ளைகளோட விதவையா நின்னவங்க அவங்க. ஊருக்கு வெளிய பெரிய ராணுவ முகாம், ஊரெல்லாம் சிப்பாய்ங்க, அங்க வாரத்துல ஏழு நாளும் வேலை பாத்தாங்க, 1918ல உடம்பு முடியாம ராஜினாமா. மேலிடத்துக்கு இந்த நியமனம் பிடிக்கவே இல்லை, பொம்பளைய எப்படி கான்ஸ்டபிளா பதவிப் பிரமாணம் எடுக்க வைக்கலாம்னு கேட்டாங்க, கிராந்தம் ஊர்க்காரங்க அதைக் காதுலயே வாங்கிக்கல.

லண்டன்ல 1919ல சோஃபியா ஸ்டான்லி தலைமைல பெண்கள் ரோந்துப் படை வந்துச்சு. அந்த டிரெஸ் போட்டோவ நீ பாக்கணும் ஆத்தா. கழுத்த நெரிக்கிற மாதிரி உயர காலரு, கெண்டைக்காலுக்குக் கீழ வரைக்கும் கனமான கம்பளிப் பாவாடை, அதுக்கும் கீழ முரட்டு பூட்ஸு. கைவிலங்கு கிடையாது, பிடிக்கிற அதிகாரம் 1923 வரைக்கும் கிடையாது. இவங்க முன்னாடி நடந்து போனா, ஏதாவது ஆயிருமோன்னு கொஞ்சம் தள்ளிப் பின்னாடியே ஆம்பளைப் போலீஸு ரெண்டு பேரு நடந்து வருவாங்க. காவலுக்கே காவல். கல்யாணம் ஆனா வேலைய விட்றணும்ங்கிற விதி வேற, அது 1946ல தான் போச்சு. அப்புறம் 60கள் கடைசில ராணிக்கே டிரெஸ் டிசைன் பண்ற நார்மன் ஹார்ட்னெல் வந்து லண்டன் பெண் போலீஸுக்கு யூனிஃபார்ம் வடிவமைச்சாரு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கூடவே ஒரு ஹேண்ட்பேக் குடுத்தாங்க, அதுக்குள்ள அடங்குற சைஸுக்குத் தடியையும் குட்டியாக்கிட்டாங்க. ஆம்பளைக்குத் தடி பேண்ட்டுல தனிப் பாக்கெட்ல இருக்கு, கை போன இடத்துல வந்துரும். இந்தப் பொண்ணு ஜிப்பத் தொறந்து, கைக்குட்டை, நோட்டு எல்லாத்தையும் தள்ளிட்டு எடுக்கணும். திருடன் அது வரைக்கும் நின்னுட்டிருப்பானா என்ன.

அமெரிக்காலயும் இதே கதைதான். 1968ல இண்டியானாபோலிஸ்ல பெட்டி பிளாங்கன்ஷிப், எலிசபெத் காஃபால்னு ரெண்டு பொண்ணுங்கள முதல் தடவையா சாதாரண ரோந்துக் கார்ல, ஆம்பளைங்க பாக்குற அதே டியூட்டிக்கு அனுப்புனாங்க, கார் நம்பர் 47. பெரிய விஷயம். போட்டிருந்தது? பாவாடை. துப்பாக்கி? ஹேண்ட்பேக்ல. 1910லேர்ந்து 1968 வரைக்கும் 58 வருஷம் ஓடியும் பாக்கெட் வந்து சேரல பாரு.

சரி நம்ம ஊருக்கு வருவோம்.

பெண் போலீஸே இல்லாத காலத்துல பொம்பளைய சோதனை போடணும்னா என்ன பண்ணாங்க? வெள்ளைக்காரன் போட்ட 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயே இருக்கு, பொம்பளைய இன்னொரு பொம்பளைதான் சோதிக்கணும், மரியாதைக் குறைச்சல் இல்லாம சோதிக்கணும்னு. சட்டம் இருக்கு, ஆள் இல்லை. யாராவது வெளி ஆளக் கூட்டிட்டு வந்துதான் காரியத்த முடிக்கணும். நம்ம பக்கத்துல 1942 ஆகஸ்ட்ல தேவகோட்டைல கோர்ட்டுக்குத் தீ வச்சு துப்பாக்கிச் சூடு நடந்து, திருவாடானை ஜெயில உடைச்சு, எவ்வளவு அமளி துமளி நடந்துச்சுன்னு உங்க அப்பத்தா அவங்க பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கும், அந்த அமளில ஒரு பெண் போலீஸு கூடக் கிடையாது.

இந்தியால முதல்ல ஆரம்பிச்சது திருவிதாங்கூர் சமஸ்தானம், 1933. அப்புறம் 1938ல கான்பூர்ல மில் ஸ்டிரைக், பொம்பளைத் தொழிலாளிங்க மில் வாசல மறிச்சு உக்காந்துட்டாங்க, அவங்கள அப்புறப்படுத்த பெண் போலீஸ எடுத்தாங்க, வேலை முடிஞ்சதும் கலைச்சுட்டாங்க. 1948ல டெல்லி, பிரிவினை அகதிங்க வந்து குவிஞ்ச நேரம். கவனிச்சியா, எல்லா இடத்துலயும் பொம்பளைய தொடறதுக்கு ஒரு பொம்பளை வேணும்ங்கிற அவசரத்துக்குத்தான் எடுத்திருக்காங்க. திருடனப் பிடிக்க எடுத்தாங்கன்னு எங்கயும் இல்லை.

நம்ம தமிழ்நாட்டுல 1973. கலைஞர் முதலமைச்சரா இருந்தப்ப. ஒரு எஸ்.ஐ., ஒரு ஹெட் கான்ஸ்டபிள், 20 கான்ஸ்டபிள், மொத்தமே 22 பேரு. அந்த முதல் எஸ்.ஐ. பேரு உஷாராணி. எக்ஸாம்ல கேட்டாலும் கேப்பாங்க, எழுதி வச்சுக்க. அப்ப காரைக்குடி, தேவகோட்டைலாம் ராமநாதபுரம் ஜில்லால இருந்துச்சு, சிவகங்கை தனியாப் பிரிஞ்சதே 1985லதான், அதனால நம்ம ஊர்த் தெருவுக்குக் காக்கி போட்ட பொம்பளை வந்து நிக்கிறதுக்கு இன்னும் பல வருஷம் ஆச்சு. அதே 1973 அக்டோபர்ல கோழிக்கோட்டுல நாட்டோட முதல் பெண்கள் போலீஸ் ஸ்டேஷன இந்திரா காந்தி வந்து திறந்து வச்சாங்க. நமக்கு அது வர 1992 ஆச்சு, சென்னை ஆயிரம் விளக்குல, ஜெயலலிதா காலத்துல. ஆனா வந்ததுக்கப்புறம் நாம வேகம் பிடிச்சுட்டோம், இன்னைக்கு மாநிலம் பூரா 200க்கு மேல அனைத்து மகளிர் காவல் நிலையம்.

இப்ப உங்க அப்பத்தா சொல்ற புடவைக்கு வர்றேன். அப்ப நாட்டுல நிறைய மாநிலத்துல பெண் கான்ஸ்டபிளுக்குக் காக்கிப் புடவைதான். எங்க அப்பா கடைல காக்கி ரவிக்கை தச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சாதா ரவிக்கை மாதிரி தைக்க முடியாது, தோள்ல பட்டி வைக்கணும், பட்டி நிக்கிறதுக்கு உள்ள கேன்வாஸ் குடுக்கணும், அந்த இடத்துலதான் நம்பர் வரும், முந்தானை அந்தப் பட்டியை மறைச்சுரும். மறைச்சா அதிகாரி திட்டுவாரு. அதுக்காக முந்தானைய மடிச்சு மடிச்சு ஒரு சாண் அகலத்துக்குக் கொண்டுவந்து தோள்ல ஊக்கு, இடுப்புல ஊக்கு, கொசுவத்துல ஊக்கு. ஒரு ஆளுக்கு அரை டஜன் ஊக்குக்குக் குறையாது. காலையில கட்டுறதுக்கே நேரம் போயிரும், ஒருத்தி கட்ட இன்னொருத்தி மடிப்புப் பிடிச்சு விடணும். அப்பா சொல்லுவாரு, "ரவிக்கைல ஒரு பாக்கெட்டு வச்சுக் குடுங்கண்ணேன்னு கேக்குதுக, ரூல்ல இல்லாதத நான் எப்படி வைக்கிறது"ன்னு. விசில், நோட்டு, பேனா, பஸ்ஸுக்குச் சில்லறை எல்லாம் ஒரு பையில. மறுபடியும் அந்த ஹேண்ட்பேக்தான், ஜவுளி மட்டும் வேற.

ஆனா ஒண்ணு, புடவை கட்டுனா ஓட முடியாது, வேலை செய்ய முடியாதுன்னு ஒரு பேச்சு பேசுறாங்க பாரு, அது எனக்கு ஒத்துக்காது. நம்ம செட்டிநாட்டுக் கண்டாங்கிய எடுத்துக்க. கெட்டிப் பருத்தி, கட்டம் போட்டது, 2019ல காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. பழைய ஆச்சிமாரு அதை எப்படிக் கட்டுனாங்க? கணுக்காலுக்கு மேல தூக்கி, பின் கொசுவம் வச்சு. முன்னால மடிப்பு கிடையாது, கால் தடுக்காது, முந்தானைய இழுத்துச் செருகினா அவிழாது. அந்தக் கட்டோட அம்மாம் பெரிய வீட்டுல ரெண்டாங்கட்டுக்கும் முகப்புக்கும் நாள் பூரா நடந்து, கல்யாணம்னா ஆயிரம் பேருக்குச் சமையல்கட்ட மேய்ச்சாங்க. நடவு நடுற பொம்பளை புடவையத் தூக்கிச் செருகிட்டுச் சேத்துல நிக்கல? புடவைல ஒரு குத்தமும் இல்லை. போலீஸுக்குன்னு எடுத்தது இந்த வேலைக்காரக் கட்டு இல்லையே, டீச்சரம்மா, ஆபீஸ் அம்மா கட்டுற ஆறு கெஜம் முன் கொசுவக் கட்டு, கீழ ஃபால்ஸ் வச்சு, கால் மறையுற மாதிரி. அடக்கமாத் தெரியணும்ங்கிறது மட்டும்தான் அங்க யோசனை, ஓடணும்ங்கிறத யாரும் யோசிக்கவே இல்லை. மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டுக்கோ நம்ம சிராவயல் மஞ்சுவிரட்டுக்கோ அந்தக் கட்டோட பந்தோபஸ்துக்கு நிக்கிறத நினைச்சுப் பாரு, மாடு முட்ட வந்தா மொதல்ல தடுக்கி விடறது கொசுவமாத்தான் இருக்கும்.

உன் சிநேகிதி சொல்ற பேண்ட் ஷர்ட்டு அதிகாரிங்க பக்கத்துலேர்ந்து வந்தது. கிரண் பேடி 1972ல ஐ.பி.எஸ்.ல சேந்தாங்க, நாட்டோட முதல் பெண் ஐ.பி.எஸ்., 1975 குடியரசு தின அணிவகுப்புல டெல்லி போலீஸ் படைக்கு, அத்தனையும் ஆம்பளைங்க, முன்னால நடந்து போனாங்க. 1978 நவம்பர்ல டெல்லி இந்தியா கேட் பக்கம் வாள எடுத்துட்டு வந்த கூட்டத்த லத்திய மட்டும் வச்சுக்கிட்டு எதிர்த்து நின்னாங்க, அந்தக் காரியம் முன் கொசுவத்தோட நடந்திருக்குமான்னு நீயே யோசி. நம்ம பக்கம் 1976 பேட்ச்ல ரெண்டு பேரு, திலகவதி, லத்திகா சரண். திலகவதி தர்மபுரிக்காரங்க, தமிழ்நாட்டுலேர்ந்து போன முதல் பெண் ஐ.பி.எஸ்., கதை எழுதி 2005ல சாகித்ய அகாடமி வாங்குனவங்களும் அவங்கதான். லத்திகா சரண் 2006ல சென்னை கமிஷனர், 2010ல மாநிலத்துக்கே டி.ஜி.பி., ரெண்டுலயும் முதல் பெண். எக்ஸாமுக்கு இதையும் குறிச்சுக்க.

அதிகாரிக்குப் பேண்ட், கான்ஸ்டபிளுக்குப் புடவைங்கிற இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நாளா உறுத்துன விஷயம். ஜீப்புல உக்காந்து போறவங்களுக்குப் பேண்ட், வெயில்ல நின்னு கூட்டத்தத் தள்ளுறவளுக்குப் புடவை. ஆம்பளைங்கள்லயும் இது இருந்துச்சுதான், ரொம்பக் காலத்துக்கு அதிகாரிக்கு முழுக்கால் சட்டை, கான்ஸ்டபிளுக்கு அரை டவுசர். பதவி கீழ போகப் போகத் துணியும் சேந்து கீழ போற வழக்கம் வெள்ளைக்காரன் பழக்கிவிட்டது. நல்லவேளை அரை டவுசரும் போச்சு, கொஞ்சம் கொஞ்சமா கான்ஸ்டபிளுக்கும் பேண்ட் ஷர்ட்டு வந்துருச்சு.

வந்தது சந்தோஷம், ஆனா எப்படி வந்துச்சுங்கிறத ஒரு டெய்லரா நான் சொல்லணும். ஆம்பளைப் பேட்டர்ன அப்படியே எடுத்து சைஸக் குறைச்சுக் குடுத்துட்டாங்க. சட்டைல ரெண்டு மார்புப் பாக்கெட், மூடி வச்சது. பொம்பளைக்கு அந்த இடத்துல டார்ட் பிடிக்கணும், அதாவது உடம்பு வளைவுக்குத் தக்க துணிய உள்ள மடிச்சுத் தைக்கணும். டார்ட் பிடிச்சா பாக்கெட் கோணும், பாக்கெட்ட நேரா வச்சா டார்ட் பிடிக்க முடியாது, சட்டை முன்னால தூக்கிட்டு நிக்கும், ரெண்டு பட்டனுக்கு நடுவுல வாயத் திறக்கும். பரேடுல கையத் தூக்கி சல்யூட் அடிச்சா அந்த இடம் இன்னும் விரியும். நாங்க என்ன பண்ணுவோம்னா டார்ட்ட பாக்கெட்டுக்கு அடியில ஒளிச்சு, அக்குள் பக்கத்துலேர்ந்து சாய்ச்சுப் பிடிச்சு, வாய் திறக்கிற எடத்துல உள்ள ஒரு பிரஸ் பட்டன் வச்சுருவோம், மேல காஜா எடுத்தது எடுத்தபடி இருக்கும், வெளிய தெரியாது. ரூலும் மீறல, மானமும் போகல.

பேண்ட்டு அதைவிட மோசம். ரெடிமேடா வர்றதுல இடுப்பு சரியா இருந்தா சீட்டு, அதான் பின்பக்கம், இறுக்கிப் பிடிக்கும், சீட்டு சரியா இருந்தா இடுப்பு நாலு இஞ்ச் லூஸு, பெல்ட்ட இறுக்கிக் கட்டுனா சாக்கு மூட்டை வாயக் கட்டுன மாதிரி சுத்திலும் சுருக்கு. அதனாலதான் தையக்கூலி கூட ஆனாலும் பரவால்லன்னு துணிய எடுத்துட்டு எங்கள மாதிரி கடைக்கு வருவாங்க. வந்து மெதுவா, சுத்தி யாரும் இல்லையான்னு பாத்துட்டு எங்க வீட்டு அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போவாங்க, என்கிட்ட சொல்ல மாட்டாங்க. பேண்ட்டுக்கு உள்ள சீட் பக்கம் கெட்டியா ஒரு லைனிங் வேணும். மாசத்துல அந்த மூணு நாளு காக்கில கறை பட்டா எப்படித் தெரியும்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல, அதுவும் தேர் பந்தோபஸ்து, மந்திரி வருகைன்னு காலையில நிக்க வச்சா ராத்திரி வரைக்கும் நகர முடியாது. அந்த லைனிங் எந்த ரூல் புக்லயும் இருக்காது, ஆனா எங்க கடைல பெண் போலீஸ் பேண்ட்டுன்னா கேக்காமலே வச்சிருவோம், அளவுச் சீட்டுல ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அந்தப் புள்ளி இருந்தா வெட்டுறவருக்குப் புரியும்.

பந்தோபஸ்துன்னதும் ஞாபகம் வருது. நம்ம பக்கத்துக்குப் பந்தோபஸ்து டியூட்டி ஒண்ணும் புதுசு இல்ல. குன்றக்குடி தைப்பூசம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி, கொப்புடையம்மன் தேர், கண்டதேவி தேருக்குன்னா சொல்லவே வேண்டாம், ஊருக்குள்ள பக்தரவிட போலீஸ் ஜாஸ்தி. அத்தனை இடத்துலயும் பொம்பளைக் கூட்டம் இருக்கும், அதனால பெண் போலீஸு கட்டாயம். எல்லா ஏற்பாடும் இருக்கும், ஒதுங்க இடம் இருக்காது. பாதிப் பேரு காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம நிப்பாங்க. புடவை காலத்துலயாவது அவசரத்துக்கு ஒரு மறைவு கிடைச்சா போதும். இப்ப பெல்ட்டக் கழட்டி, விசில் கயித்த எடுத்து, உள்ள விட்ட சட்டைய உருவி, திரும்ப எல்லாத்தையும் மடிப்புக் கலையாம மாட்டி, அதுக்கு உள்ள தாழ்ப்பாள் இருக்கிற ஒரு கதவு வேணும். யூனிஃபார்ம மாத்துனவங்க கக்கூஸ மாத்தல. 2021 ஜூன்ல முதலமைச்சர் போற வழில ரோட்டோரமா பெண் போலீஸ நிக்க வைக்கக்கூடாதுன்னு டி.ஜி.பி. உத்தரவு போட்டாரு, அதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்தக் கஷ்டம்தான். 2023 மார்ச்ல பெண் போலீஸ் வந்து 50 வருஷம்னு சென்னைல விழா எடுத்தப்ப காலையில ஆஜர் எடுக்கிற ரோல்கால் நேரத்த 7 மணிலேர்ந்து 8 மணிக்கு மாத்துறதா அறிவிச்சாங்க, ஓய்வறை கட்டித் தர்றோம்னும் சொன்னாங்க. 22 பேரோட ஆரம்பிச்சது அந்த விழா நடக்குறப்ப 35,000 பக்கம் வந்திருந்துச்சு. எங்க கடைக்கு வர்ற ஒருத்தங்க அந்த ஒரு மணி நேரத்தப் பத்திதான் பேசுனாங்க, பிள்ளைக்குத் தல பின்னி விட்டுட்டு வர முடியுதுண்ணேன்னு.

ஆம்பளை அளவுல செஞ்சு பொம்பளைக்குக் குடுக்குற இந்த வழக்கம் துணியோட நிக்கல. கலவரத்துக்குப் போடுற நெஞ்சுக் கவசம், தோள் கவசம் எல்லாம் ஆம்பளை உடம்புக்கு வார்த்தது. மத்திய ரிசர்வ் போலீஸான சி.ஆர்.பி.எஃப்.ல 1986லயே தனிப் பெண்கள் பட்டாலியன் ஆரம்பிச்சுட்டாங்க, 88வது பட்டாலியன், ஆனா பெண் உடம்புக்குன்னு அளவெடுத்து கவசம் செய்யிற வேலை ராணுவ ஆராய்ச்சி பண்ற டி.ஆர்.டி.ஓ. லேப்ல முடிஞ்சு வர முப்பது வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. நான் தைக்கிறவன், எனக்கு இது ஆச்சரியமே இல்லை, அளவெடுக்கிறதுக்கு முன்னாடியே வெட்டுற கடை எல்லா ஊர்லயும் இருக்கு.

புடவை மொத்தமா போயிருச்சான்னா, போகல. கர்ப்பமா இருக்கிறவங்க காக்கிப் புடவை கட்டிக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. வயிறு ஏற ஏற பேண்ட்டு இடுப்ப மாத்திட்டே இருக்க முடியாதில்ல. சிலர் புடவை வேண்டாம்னு லூஸா ஒரு சட்டைய வெளிய விட்டுப் போட்டுக்க அனுமதி கேப்பாங்க, அது அந்தந்த மேலதிகாரி மனசப் பொறுத்தது. புடவை கட்டுனவங்கள உள்ள ரைட்டர் வேலை, ரிசப்ஷன்னு உக்கார வச்சிருவாங்க.

தலைமுடி பத்தி நீ கேக்கல, ஆனா செலக்‌ஷன் ஆனதும் மொதல்ல அதுலதான் திட்டு வாங்குவ. கொண்டை போட்டு கறுப்பு வலைக்குள்ள அடக்கணும், காலருக்கு மேல நிக்கணும், பூ கூடாது. நம்ம பக்கத்துப் பிள்ளைக கனகாம்பரத்த விட்டுட்டு வர்றதுக்குள்ள பாதி உசுரு போயிரும்.

உயரம் 159 செ.மீ. வேணும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 157. அது இருக்குன்னா மத்தது படிப்பும் ஓட்டமும்தான். தேறினதுக்கப்புறம் துணி எடுக்குறப்ப மூணு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்க. டிரெயினிங்கு போறதுக்கு முன்னாடியே மொத்த செட்டையும் தச்சுறாத, அங்க போய் ரெண்டு மாசத்துல இடுப்பு குறையும், தோளும் தொடையும் ஏறும், ரெண்டு செட்டு மட்டும் தச்சுட்டு மிச்சத்த அப்புறம் பாரு. தைக்கிறவர்கிட்ட சீட்டுலயும் சைடுலயும் உள்ள ஒண்ணரை இஞ்ச் மார்ஜின் விடச் சொல்லு, பிரிச்சு விட வேண்டியிருக்கும். அப்புறம் பேண்ட்டுப் பாக்கெட்ட ஆழமா வைக்கச் சொல்லு, பொம்பளைப் பேண்ட்டுதானேன்னு மூணு விரல் போற அளவுக்கு ஒப்புக்கு ஒரு பாக்கெட் வச்சுக் குடுத்துருவாங்க, கை முழுசா உள்ள போகுதான்னு கடைல நின்னு பாத்துட்டு காசக் குடு.